இரட்டை உளவாளியின் கணக்கு எங்கே உதைக்கும்?

1985 மே மாதம். சோவியத் உளவுத்துறையான கேஜிபியின் லண்டன் நிலையத் தலைவராகப் பொறுப்பேற்கவிருந்த ஒலெக் கோர்டியெவ்ஸ்கி, திடீர் அழைப்பின் பேரில் மாஸ்கோ திரும்பித் தன் வீட்டுக் கதவைத் திறக்கப் பார்க்கிறார். கதவில் மூன்று பூட்டு. மூன்றாவதன் சாவி தொலைந்து வெகு காலம் ஆகிவிட்டதால் அதை அவர் பூட்டுவதே கிடையாது. இப்போது மூன்றும் பூட்டியிருக்கின்றன. பதினோரு ஆண்டுகளாக ரகசியமாக பிரிட்டனின் வெளிநாட்டு உளவுத்துறையான எம்ஐ6-க்கு வேலை பார்த்துவந்த மனிதருக்கு இதற்கு மேல் சான்று வேண்டியிருக்கவில்லை. வீட்டைச் சோதனை போட வந்த ஆட்கள், கிளம்பும்போது கைப்பழக்கத்தில் எல்லாப் பூட்டையும் பூட்டிவிட்டார்கள்.

இரட்டை உளவாளியை வைத்து த்ரில்லர் எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் கதையின் கடைசி இருபது பக்கத்திலிருந்துதான் யோசிக்கிறார்கள். 'இவன் அந்தப் பக்கத்து ஆள்' என்று போட்டு உடைக்கும் ஒரே ஒரு திருப்பத்துக்காக முந்நூறு பக்கம் ஓடுகிறது. கெட்டிக்கார வாசகர் புத்தகத்தை முடித்த கையோடு பின்னால் புரட்டுவார். ஏழாவது அத்தியாயத்தில் எதிராளிக்குக் கிடைக்க வேண்டிய ஃபைலை இவன் எதற்கு எரித்தான்? பன்னிரண்டாவதில் தன் சொந்த ஆளையே ஏன் காட்டிக்கொடுத்தான்? பதில் இருக்காது. கணக்கு உதைக்கும். இந்த வகைக் கதையில் விசுவாசத்தை மனசாட்சிப் புலம்பலில் காட்டுவது சுலபம், யாரும் நம்பமாட்டார்கள். எந்தத் தகவல் எந்தத் தேதியில் யார் கைக்குப் போனது என்பதில்தான் அது நிஜமாகத் தெரியும். ஆகவே முதல் வரிக்கு முன்னால் ஒரு பேரேடு போட வேண்டும்.

அதற்கும் முன்னால், உங்கள் ஆள் எந்த ரகம் என்பதை முடிவு செய்யுங்கள். சோவியத்துக்கு உளவு பார்த்த எம்ஐ6 அதிகாரி கிம் ஃபில்பி போல எதிரியின் உளவுத்துறைக்குள்ளேயே அதிகாரியாக உட்கார்ந்திருப்பவன் மோல். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியை ஏமாற்றிய ஹுவான் புஹோல் போல, எதிரியிடம் உளவாளியாகச் சம்பளம் வாங்கிக்கொண்டு, இந்தப் பக்கம் எழுதித் தருவதை அங்கே அனுப்புபவன் அசல் இரட்டை உளவாளி. பிடிபட்டு, உயிருக்குப் பயந்து கட்சி மாறியவன் மூன்றாவது ரகம். மூவருக்கும் கஷ்டம் வேறு வேறு. மோலுக்குத் தகவல் தாராளமாகக் கிடைக்கும். அதை வெளியே கொண்டுபோவதுதான் பாடு. இரட்டை உளவாளிக்கு அனுப்புவதில் சிரமமே இல்லை. அனுப்ப என்ன இருக்கிறது என்பதுதான் தலைவலி. பிடிபட்டவனுக்கோ, தான் பிடிபட்டிருப்பதைத் தன் பழைய தலைமைக்கு எப்படிச் சொல்வது என்பது மட்டுமே கவலை. ஒரே பாத்திரத்தில் மூன்றையும் கலந்தால் ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் கதைதான்.

பேரேட்டுக்கு ஐந்து பத்தி (நெடுவரிசை) போதும்: தேதி, முதல் தரப்புக்குத் தெரிந்தது, இரண்டாம் தரப்புக்குத் தெரிந்தது, அவனுக்கு மட்டும் தெரிந்தது, வாசகருக்குத் தெரிந்தது. ஒவ்வொரு காட்சி முடிந்ததும் ஒரு வரி எழுத வேண்டும். நான்காவது பத்தி எந்த இடத்தில் காலியாகிறதோ, அங்கே கதை படுத்துவிட்டது என்று அர்த்தம். அவனுக்கு மட்டுமே தெரிந்த ஒன்று எப்போதும் இருந்தாக வேண்டும். அது சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை.

இனி நிஜமான கணக்குக்கு வருவோம். ஒரு ரகசியத்தை விற்றால், 'இது யாருக்கெல்லாம் தெரியும்' என்ற பட்டியலில் அவன் பெயர் ஏறிவிடும். முதல் கசிவு நாற்பது பேருக்குத் தெரிந்த விஷயம் என்று வையுங்கள். யாரும் கவலைப்படமாட்டார்கள். இரண்டாவது, இருபத்திரண்டு பேருக்குத் தெரிந்தது. மூன்றாவது, ஒன்பது பேருக்கு. மூன்று பட்டியலையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் மிஞ்சுவது மூன்று பெயராக இருக்கலாம். அதில் ஒருவர் அந்த வாரம் விடுப்பில் இருந்திருப்பார். விற்கிற ஒவ்வொரு ரகசியமும் வலையை ஒரு சுற்று இறுக்குகிறது. ஒரு நாவலுக்குப் பெரிய கசிவு நான்கு, ஐந்துக்கு மேல் தாங்காது என்பது என் கணிப்பு. அத்தியாயத்துக்கு ஒரு அணுகுண்டு ரகசியம் கொடுப்பவன் ஆறாவது அத்தியாயத்தில் சிறையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அவனைத் தேடுபவர்கள் மடையர்கள் என்றாகிவிடும்.

நிஜத்திலும் இது நடந்தது. அமெரிக்க உளவுத்துறையான சிஐஏவின் அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1985-ல் தன் அமைப்பின் சோவியத் ஆட்களின் பெயர்களை மொத்தமாகக் கேஜிபியிடம் கொட்டினார். மாஸ்கோ பொறுமை காக்காமல் அவர்களைச் சடசடவென்று கைது செய்தது. குறைந்தது பத்துப் பேருக்கு மரண தண்டனை. இத்தனை பேர் ஒரே காலத்தில் விழுந்தால் உள்ளே கறுப்பாடு இருக்கிறது என்று யாருக்கும் தோன்றும். இது கேஜிபிக்கும் தெரிந்தே இருந்தது. பிறகு, குறியீட்டுத் தொடர்பில்தான் ஓட்டை என்று சிஐஏவை நம்பவைக்க அது போலித் தடயங்களைத் தூவ வேண்டியதாயிற்று.

இதற்கு நேர் எதிர் உதாரணம் பெர்லின் சுரங்கம். சோவியத் ராணுவத்தின் தொலைபேசிக் கம்பிகளை ஒட்டுக்கேட்க, மேற்கு பெர்லினிலிருந்து எல்லைக்கு அடியில் சுரங்கம் தோண்டலாம் என்று 1953 டிசம்பரில் லண்டனில் சிஐஏவும் எம்ஐ6-உம் கூடிப் பேசின. அந்தக் கூட்டத்தில் குறிப்பெடுத்தவர் ஜார்ஜ் பிளேக். கொரியப் போரில் சிறைப்பட்டிருந்தபோது சோவியத் பக்கம் சாய்ந்த எம்ஐ6 அதிகாரி. ஒரு பிடி மண்கூடத் தோண்டப்படுமுன்னே திட்டம் மாஸ்கோவின் மேசையில் இருந்தது. ஆனாலும் 1955 மே முதல் 1956 ஏப்ரல் வரை பதினோரு மாதம் ஒட்டுக்கேட்க விட்டார்கள். தங்கள் ராணுவத்தின் உண்மையான பேச்சுகள் எதிரியின் டேப்பில் ஓடுவதை கேஜிபி பார்த்துக்கொண்டே இருந்தது. உடனே தடுத்திருந்தால், தெரிந்தவர்கள் பட்டியல் சின்னது, பிளேக் மாட்டியிருப்பார். கடைசியில் கனமழை பெய்து கம்பிகள் பழுதானதைச் சாக்காக வைத்து, பழுது பார்க்கப்போன இடத்தில் 'தற்செயலாக'ச் சுரங்கத்தைக் கண்டுபிடித்தார்கள். பிளேக் 1961-ல்தான் சிக்கினார், அதுவும் ஒரு போலந்து அதிகாரி கட்சி மாறி வந்து துப்புக் கொடுத்ததால்.

த்ரில்லர் எழுதுபவருக்கு இதைவிடப் பெரிய புதையல் கிடையாது. தகவல் கிடைத்த பிறகு அதைப் பயன்படுத்தலாமா கூடாதா என்பதே ஒரு முழு அத்தியாயத்துக்கான போராட்டம். பயன்படுத்தினால் ஆள் போவான், பயன்படுத்தாவிட்டால் சிப்பாய்கள் சாவார்கள். இந்த முடிவை எடுப்பவன் கதாநாயகன் இல்லை, அவன் முகத்தைக்கூடப் பார்த்திராத ஒரு மேலதிகாரி. தன் உயிரை எதற்குச் சமமாக எடை போட்டார்கள் என்பது கதாநாயகனுக்குக் கடைசிவரை தெரியாமலே போகலாம்.

துரோகம் என்றால் ஆவணத்தைத் திருடுவது என்று நினைப்பதும் எழுத்தாளர்களின் பழக்கம். 1945 ஆகஸ்டில் இஸ்தான்புல்லில் சோவியத் துணைத் தூதரக அதிகாரி கான்ஸ்டன்டின் வோல்கோவ், பிரிட்டிஷாரிடம் பேரம் பேச வந்தார். பணமும் அடைக்கலமும் தந்தால், பிரிட்டிஷ் அரசுக்குள் இருக்கும் சோவியத் ஆட்களைக் காட்டித்தருவதாகச் சொன்னார். அவர்களில் ஒருவர் லண்டனில் எதிர்உளவுப் பிரிவொன்றின் தலைவர் என்றும் சொன்னார். தந்தி அனுப்பாதீர்கள், உங்கள் குறியீடு எங்கள் ஆட்களுக்குப் புரியும் என்பது அவர் போட்ட நிபந்தனை. அதனால் செய்தி தூதரகப் பையில், மெதுவாக லண்டன் போய்ச் சேர்ந்தது. அங்கே அந்த ஃபைல் யார் மேசைக்கு வந்தது? ஃபில்பியின் மேசைக்கு. அவர் மாஸ்கோவுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினார், பிறகு தானே போய் விசாரிக்கிறேன் என்று பொறுப்பை வாங்கிக்கொண்டார், பிறகு தாமதித்தார். அனுமதி, பயண ஏற்பாடு, மோசமான வானிலை என்று நாட்கள் நகர்ந்தன. அவர் போய்ச் சேர்வதற்குள் வோல்கோவையும் அவர் மனைவியையும் கட்டுப்போட்டு ஸ்ட்ரெச்சரில் கிடத்தி சோவியத் விமானத்தில் ஏற்றிவிட்டார்கள்.

இதில் ஃபில்பி விதி எதையும் மீறவில்லை. மெத்தனமான அதிகாரி செய்வதைத்தான் செய்தார். மோலின் கையில் இருக்கும் ஆயுதங்கள் இப்படிப்பட்டவை: ஃபைலின் ஓரத்தில் 'நம்பகம் குறைவு' என்று ஒரு குறிப்பு, தவறான பிரிவுக்கு அனுப்பிய ஒரு நகல், இன்னொரு துறையின் ஒப்புதல் வேண்டும் என்ற ஒரு வரி. பக்கத்து மேசைக்காரன் சோம்பேறித்தனத்தில் செய்வதை இவன் வேண்டுமென்றே செய்கிறான். எது எது என்று பிரித்தறிய முடியாததுதான் திகில். கதையில் இவனைப் போலவே தாமதம் செய்யும் ஓர் அப்பாவியையும் பக்கத்திலேயே வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இரட்டை உளவாளியின் கதைக்கு வேறு சரக்கு வேண்டும். அவன் எதிரிக்கு அனுப்புவதில் பெரும்பகுதி உண்மையாக இருந்தாக வேண்டும். இல்லையென்றால் ஒரே மாதத்தில் சாயம் வெளுத்துவிடும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் இதற்கென்றே ட்வென்டி கமிட்டி என்று ஒன்றை 1941 ஜனவரியில் அமைத்து, ஜான் மாஸ்டர்மன் தலைமையில் வாரந்தோறும் கூடி, எந்த உண்மையைக் கொடுக்கலாம் என்று ராணுவத்தோடு மல்லுக்கட்டியது. ராணுவம் எதையும் தர மறுக்கும்; உளவுத்துறை ஏதாவது கொடு என்று கெஞ்சும். அந்த மேசைச் சண்டையை நம் கதைகளில் பார்க்கவே முடிவதில்லை.

புஹோல் விஷயத்தில் நடந்ததைப் பாருங்கள். ஸ்பானியரான அவர் முதலில் யாருடைய உதவியும் இல்லாமல், லிஸ்பனில் உட்கார்ந்துகொண்டு, பிரிட்டனில் இருப்பதாக ஜெர்மானியருக்குக் கதை விட்டார். பயண வழிகாட்டி நூலும் நூலகமும்தான் மூலதனம். கிளாஸ்கோ ஆட்கள் ஒரு லிட்டர் ஒயினுக்காக எதையும் செய்வார்கள் என்று எழுதிவிட்டார். அன்றைய பிரிட்டனில் லிட்டர் கணக்கும் கிடையாது, அந்த ஊரார் ஒயின் பிரியர்களும் அல்ல. ஜெர்மானியர் கவனிக்கவில்லை. பிறகு 'கார்போ' என்ற பெயரில் பிரிட்டனின் உள்நாட்டு உளவுத்துறையான எம்ஐ5 அவரைச் சேர்த்துக்கொண்டு, கற்பனையாக 27 துணை உளவாளிகளை உருவாக்கியது. கற்பனை ஆட்களுக்கும் நடைமுறைச் சிக்கல் உண்டு. லிவர்பூல் துறைமுகத்தில் ஒரு 'ஆள்' இருக்கிறான். கண்ணெதிரே பெரிய கப்பற்படை கிளம்புகிறது. அவன் எப்படிச் சொல்லாமல் இருப்பான்? நோய்வாய்ப்பட வைத்தார்கள், சாகடித்தார்கள், உள்ளூர்ப் பத்திரிகையில் இரங்கல் அறிவிப்பும் போட்டார்கள். இல்லாத அந்த மனிதனின் இல்லாத விதவைக்கு ஜெர்மனி பணம் கொடுத்தது.

இன்னொரு உத்தி, சரியான தகவலைத் தாமதமாகக் கொடுப்பது. 1942 நவம்பரில் நேசநாடுகள் வட ஆப்பிரிக்காவில் இறங்கும் முன் தேதியிட்ட தபால் முத்திரையோடு ஒரு கடிதம், இறங்கிய பிறகு போய்ச் சேர்ந்தது. ஆள் மீது நம்பிக்கை கூடியது, போர் மீது தாக்கம் பூஜ்யம். நேசநாடுகள் நார்மண்டியில் இறங்கிய 1944 ஜூன் 6 விடியலிலும் இதே வித்தைதான். எச்சரிக்கை அனுப்பத் தயாராக இருந்தார்கள், மாட்ரிட்டில் ரேடியோ கேட்க வேண்டியவன் காலை வரை கேட்கவில்லை. அந்தக் கோளாறும் இவர்களுக்கே லாபமானது: நான் சொன்னேன், நீங்கள்தான் தூங்கினீர்கள். மூன்று நாள் கழித்து, நார்மண்டி வெறும் திசைதிருப்பல் என்று புஹோல் அனுப்பிய செய்திக்கு மேலிடம் வரை மரியாதை இருந்தது. ஒரே போரில் ஜெர்மனியின் இரும்புச் சிலுவையும் பிரிட்டனின் எம்பிஇ விருதும் பெற்றவர் அவர்.

எல்லாம் இவ்வளவு சுலபமாக எப்படிச் செல்லுபடியானது? மாட்ரிட்டில் அவரைக் கையாண்ட அதிகாரி கார்ல்-எரிக் கூலன்டாலின் பாட்டி யூதர். அந்த ஆட்சியில் அவருடைய பாதுகாப்பு, தன் உளவாளி நட்சத்திரமாக இருப்பதில் இருந்தது. சந்தேகப்பட அவருக்குக் கட்டுப்படியாகாது. ஹேண்ட்லரை வெறும் கட்டளை போடும் குரலாக எழுதுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அவருக்கும் பதவி உயர்வு, போட்டியாளர், மேலதிகாரி உண்டு. தன் ஆள் துரோகி என்பதை நம்பக் கடைசியாகச் சம்மதிப்பவர் அவர்தான்.

பிடிபட்டவனின் கதையில் இந்தக் குருட்டுத்தனம் கொலைகாரத்தனமாகிறது. 1942 மார்ச்சில் ஹேக் நகரில் ஹூபர்ட் லாவெர்ஸ் என்ற, பிரிட்டன் அனுப்பியிருந்த டச்சு ரேடியோ இயக்குநரை ஜெர்மானியர் பிடித்து, லண்டனோடு தொடர்ந்து பேசவைத்தார்கள். கட்டாயத்தில் அனுப்பினால் தெரிவதற்கென்று ஓர் ஏற்பாடு இருந்தது. பதினாறாவது எழுத்து தோறும் வேண்டுமென்றே ஒரு பிழை விட வேண்டும். பிழை இல்லாமல் வந்தால் ஆள் எதிரியின் பிடியில். லாவெர்ஸ் சொன்னபடியே அந்தப் பிழையைச் செய்யாமல் சுத்தமாக அனுப்பினார். லண்டனில் இருந்தவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. சிக்னல் சரியில்லாமல் எழுத்துகள் சிதைந்துதான் வரும், இயக்குநர்கள் மறப்பதும் சகஜம், தவிர வலைப்பின்னல் நன்றாக வளர்கிறது என்று மேலே அறிக்கை போய்விட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆட்கள் ஒருவர்பின் ஒருவராகப் பாராசூட்டில் ஜெர்மானியர் காத்திருந்த இடத்திலேயே இறங்கினார்கள். பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள்.

சந்திப்பு நுட்பங்களை எழுதும்போது அளவு முக்கியம். ஒரு கதைக்கு ஒன்றை முழுமையாகக் காட்டினால் போதும். எஃப்பிஐ அதிகாரி ராபர்ட் ஹான்சன், வர்ஜீனியாவில் ஒரு பூங்காவின் மரப்பாலத்துக்கு அடியில் ரஷ்யர்களுக்காகப் பொட்டலம் வைப்பார். பூங்காவின் பெயர்ப்பலகைக் கம்பத்தில் வெள்ளை ஒட்டுநாடா: செங்குத்தாக ஒரு துண்டு என்றால் அவர் தயார், கிடையாக என்றால் அவர்கள் வைத்துவிட்டார்கள், மறுபடி செங்குத்து என்றால் எடுத்தாயிற்று. பழைய துண்டைக் கிழித்துவிட்டுத்தான் புதியது. இத்தனை ஆண்டுகளில் ரஷ்யர்களுக்கு அவர் பெயரே தெரியாது. தெரியாத பெயரைக் காட்டிக்கொடுக்க முடியாதல்லவா? ஆனாலும் மாட்டினார். மாஸ்கோவிலிருந்து விலைக்கு வாங்கிய ஃபைலில் அவர் குரல் பதிவான டேப்பும், அவர் கைரேகை படிந்த ஒரு பிளாஸ்டிக் உறையும் இருந்தன. 2001 பிப்ரவரி 18 அன்று அந்தப் பாலத்தருகேதான் கைது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பு, துறைக்குள் மோலைத் தேடும் ஆய்வைச் செய்யச் சொல்லி அவரிடமே கொடுத்திருந்தார்கள் என்பது கதையில் எழுதினால் யாரும் நம்பாத பகுதி.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பேராசையால் துரோகம் என்று ஒற்றை வரியில் முடிக்காதீர்கள். சோவியத் ராணுவ உளவுத்துறை ஜெனரல் திமித்ரி பொல்யகோவ் அமெரிக்கர்களிடம் பெரும்பாலும் வாங்கியது கைக்கருவிகளும் மீன்பிடிச் சாமான்களும்தான். மாஸ்கோவில் ராடார் பொறியாளராக இருந்த அடால்ஃப் டோல்கச்சேவ் பெரிய தொகை கேட்டார், மகனுக்கு ராக் இசைத் தட்டுகளும் கேட்டார். அவருடைய மாமியாரை ஸ்டாலின் காலத்தில் சுட்டுக்கொன்றிருந்தார்கள். ஏம்ஸோ 5,40,000 டாலர் ரொக்கம் கொடுத்து வீடு வாங்கினார். மனைவி குடும்பத்துச் சொத்து என்றார், நம்பினார்கள். பொய் கண்டறியும் சோதனையிலும் இருமுறை தேறினார். அவரைக் கவிழ்த்தது ஒரு நாட்காட்டி. சாண்டி கிரைம்ஸ் என்ற சக அதிகாரி தேதிகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தார்: 1985 மே 17, சோவியத் தூதரக அதிகாரியோடு மதிய உணவு, மே 18, வங்கியில் 9,000 டாலர். ஜூலை 2 உணவு. ஜூலை 5, 5,000 டாலர். துப்பறிபவரின் மேதைமையைக் காட்ட இப்படி நான்கு வரி போதும்.

குடும்பத்தை மறக்கும் கதைகளும் நிறைய. இரு பக்கமும் சம்பளம் வாங்கும் ஒற்றனை அனுப்புமுன் அவன் மனைவி மக்களைப் பிணையாக வைத்துக்கொள் என்கிறது அர்த்தசாஸ்திரம். ஒற்றன் கொண்டுவந்ததை இன்னோர் ஒற்றனை வைத்துச் சரிபார் என்பது 588-ஆம் குறள். ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல் ஒத்துப்போனால் நம்பு என்பது அடுத்தது. இன்றைய உளவுத்துறைகளும் இந்த மூன்றில்தான் நிற்கின்றன. கோர்டியெவ்ஸ்கியை பிரிட்டிஷார் 1985 ஜூலையில் கார் டிக்கியில் வைத்து பின்லாந்து எல்லையைக் கடத்திவிட்டார்கள். மனைவியும் இரு மகள்களும் அவரிடம் வந்துசேர 1991 ஆயிற்று.

ஒருவேளை உங்கள் நாயகன் கடைசிவரை யார் பக்கம் என்று தெரியாமல் போக வேண்டும் என்றால், எகிப்தின் அஷ்ரஃப் மர்வானைப் படியுங்கள். ஜனாதிபதி நாசரின் மருமகன்; 1970-ல் லண்டனில் இஸ்ரேலைத் தொடர்புகொண்டவர். 1973 அக்டோபர் 5 இரவு, மொசாட் தலைவர் ஸ்வி ஸமீரை லண்டனில் சந்தித்து, நாளை மாலை இருட்டும் வேளையில் போர் என்றார். போர் மறுநாளே வந்தது, பிற்பகல் இரண்டு மணிக்கு. அந்த நாலு மணி நேரப் பிசகை வைத்து அவர் எகிப்து விட்ட ஆள் என்றார் அப்போதைய இஸ்ரேல் ராணுவ உளவுத் தலைவர் எலி ஸெய்ரா; நேரத்தைக் கடைசியில் மாற்றினார்கள், மர்வானுக்கு அது எட்டவில்லை என்கிறார்கள் எதிர்வாதிகள். 2007 ஜூன் 27 அன்று லண்டனில் தன் வீட்டு மாடியிலிருந்து விழுந்து இறந்தார். எகிப்தின் ஜனாதிபதி முபாரக் அவரைத் தேசபக்தர் என்றார். மொசாடின் மிகச் சிறந்த ஆள் என்று இஸ்ரேலில் பலர் சொல்கிறார்கள்.

இந்த வாழ்க்கையில் எந்தச் சம்பவத்தை எடுத்தாலும் இரண்டு விளக்கமும் பொருந்தும். அதைத்தான் பேரேட்டில் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு வரியையும் ஒருமுறை 'அவன் இவர்கள் ஆள்' என்றும், மறுமுறை 'அவன் அவர்கள் ஆள்' என்றும் படியுங்கள். ஒரு வரி ஒரு பக்கம் மட்டும் சாய்ந்தால், அந்தக் காட்சிக்கு மற்றப் பக்கத்தில் ஒரு காரணம் ஏற்றுங்கள்: அவன் காப்பாற்றிய ஆள் ஏற்கெனவே பயனற்றுப்போனவன், அவன் எரித்த ஃபைலுக்கு இன்னொரு நகல் இருந்தது, அவன் சொன்ன எச்சரிக்கை ஆறு மணி நேரம் பிந்தியது. அப்படி ஏற்ற வழியில்லாத காட்சி, எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும், வெட்டப்பட வேண்டியது.